வெற்று அணிகளின் வரலாறு



7, 4, 9 ஆகிய எண்களைக் கூட்டு என்றால் இரண்டாம் ஆண்டு மாணவன் 20 என்பான். 9 என்பதை அழித்துவிட்டால் 11. 4 என்பதையும் அழித்துவிட்டால் 7. கடைசியாக 7 என்பதையும் அழித்துவிட்டு, "இப்பொழுது கூட்டு" என்றால்? சற்று விழிப்பான்; பிறகு சுழியம் என்பான். சரியான விடைதான். ஆனால் அதே வெற்றுப் பட்டியலைக் காட்டிப் "பெருக்கு" என்று சொன்னால் என்ன விடை? மாணவர்கள் மட்டுமல்லர், ஆசிரியர்களிலும் பலர் சுழியம் என்றே சொல்வர். விடை 1.

இது ஏன் என்று கேட்டால், "அது கணித மரபு, அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பதே நம்மில் பலருக்குக் கிடைத்த பதில். நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், இரண்டின் சுழிய அடுக்கு ஏன் 1 என்ற வினாவும் இப்படித்தான் கடந்து போயிற்று. கரும்பலகையின் முன்னே நிற்பவர் "மரபு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போகலாம். கணினி மொழியை வடிவமைப்பவர் அப்படிப் போக முடியாது. வெற்றுப் பட்டியல் ஒருநாள் கட்டாயம் இயந்திரத்திற்குள் வந்து சேரும். இயந்திரம் ஏதேனும் ஒரு விடையைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த விடை தவறாக இருந்தால் அதன்பின் வரும் கணக்குகள் அனைத்தும் தவறாகும். எனவே இந்த வினாவை முழுமையாக எதிர்கொண்டவர்கள் அணிகளைக் கையாளும் கணினி மொழிகளைப் படைத்தவர்களே என்பேன். அவர்களுடைய கதையைத்தான் இப்பதிவில் எழுதுகிறேன்.

கதையின் முதல் மனிதர் கென்னத் ஐவர்சன். 1920ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் கேம்ரோஸ் என்னும் ஊரில் பிறந்தவர். படித்தது ஒரே அறை கொண்ட நாட்டுப்புறப் பள்ளி. பொருளாதார மந்தக் காலமாகையால் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பப் பண்ணையில் வேலை செய்தார். போர்க்காலத்தில் கனடிய விமானப்படையில் இருந்தபோது அஞ்சல்வழிக் கல்வியில் விட்ட படிப்பைத் தொடர்ந்தார்; பிறகு குயின்ஸ் பல்கலைக்கழகம், ஹார்வர்டு என்று உயர்ந்து, 1954இல் முனைவர் பட்டம் பெற்றார். (தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்கள் இந்த வரியை மாணவர்களுக்குச் சொல்லலாம்.)

ஹார்வர்டில் பாடம் நடத்தியபோது, கணிதக் குறியீடுகள் ஒழுங்கில்லாமல் இருப்பது அவரை உறுத்தியது. கூட்டுத்தொகைக்கு ஒரு கிரேக்க எழுத்து, பெருக்குத்தொகைக்கு வேறோர் எழுத்து, அடுக்குக்கு எண்ணை மேலே சிறியதாக எழுதும் வழக்கம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத ஏற்பாடுகள். மாணவர்களுக்கு விளக்குவதற்காகவே அவர் தமக்கென ஒரு குறியீட்டு முறையை அமைத்துக்கொண்டார். 1960இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். 1962இல் அந்தக் குறியீடு நூலாக வெளிவந்தது. "ஒரு நிரல்மொழி" என்று பொருள்படும் அந்நூலின் ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துகளே பின்னர் மொழியின் பெயராயின: ஏ.பி.எல். ஏடின் ஃபால்காஃப், லாரி பிரீட், டிக் லாத்வெல், ரோஜர் மூர் ஆகியோரும் சேர்ந்து உழைக்க, 1966இல் அது ஐ.பி.எம். 360 கணினியில் இயங்கும் மொழியாயிற்று. கரும்பலகையில் பாடம் சொல்ல எழுந்த குறியீடு கணினி மொழியானது என்பதை ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

ஐவர்சனின் முறையில் கூட்டல் குறியை எழுதி, அதன் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டால், பட்டியலிலுள்ள எண்களுக்கிடையே எல்லாம் கூட்டல் குறியைச் செருகு என்று பொருள். பெருக்கல் குறியோடு சாய்கோடு போட்டால் பெருக்கலைச் செருகு. இரண்டில் பெரியதைத் தேர்ந்தெடுக்கும் குறியோடு போட்டால் பட்டியலிலேயே பெரியது கிடைக்கும். எல்லாச் செயலுக்கும் ஒரே இலக்கணம். ஆனால் இலக்கணம் பொதுவானதும் ஒரு வினாவும் பொதுவாகி நின்றது: பட்டியலில் ஒன்றுமே இல்லையெனில் எதற்கிடையே செருகுவது?

இதற்கு ஏ.பி.எல். தந்த விடையை நாம் வகுப்பறையிலேயே நிறுவிக் காட்டலாம். ஒரு பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். முதற்பகுதியின் கூட்டுத்தொகையையும் இரண்டாம் பகுதியின் கூட்டுத்தொகையையும் கூட்டினால் முழுப்பட்டியலின் கூட்டுத்தொகை வரவேண்டும். எந்த இடத்தில் பிரித்தாலும் இது மாறாது. முதல் எண்ணுக்கும் முன்னால் கோடு போட்டுப் பிரித்தால்? முதற்பகுதி வெறுமை, இரண்டாம் பகுதி முழுப்பட்டியல். ஆகவே வெறுமையின் கூட்டுத்தொகை, எதனோடு கூட்டினாலும் அதனை மாற்றாத எண்ணாக இருக்க வேண்டும். அது சுழியம். பெருக்கலுக்கும் இதே வாதம்தான். எதனோடு பெருக்கினாலும் அதனை மாற்றாத எண் 1. கணிதத்தில் இவற்றைச் சமனி உறுப்பு என்பர். மரபு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இங்கே இடமில்லை. வேறு எந்த விடையும் பொருந்தாது.

"எல்லாம் உண்மையா?" என்று வினவும் குறிக்கு வெற்றுப் பட்டியல் தரும் விடை 1, அதாவது ஆம். "ஏதேனும் ஒன்றாவது உண்மையா?" என்பதற்கு விடை 0. பெயரே பதியப்படாத வகுப்பில் "எல்லாரும் வந்துவிட்டார்களா?" என்று கேட்டால் ஆம் என்பதே சரி, வராதவர் என்று சுட்ட ஒருவரும் இல்லையே! மிகப்பெரிய எண்ணைக் கேட்டால் விடை விந்தையாக இருக்கும். எதனோடு ஒப்பிட்டாலும் தோற்றுப்போகும் எண் தேவைப்படுவதால், 360 கணினியில் அந்த இயந்திரம் எழுதக்கூடிய எண்களிலேயே மிகச்சிறியதைத் தந்தார்கள். சுமார் 7.237ஐப் பத்தின் 75ஆம் அடுக்கால் பெருக்கி, முன்னால் கழித்தல் குறியிட்டால் வரும் எண் அது. பின்னாளில் ஐவர்சன் அமைத்த ஜே மொழியில் இதுவே எதிர்ம முடிவிலி ஆயிற்று.

பெருக்கல் விடை 1 என்பதற்கு ஏ.பி.எல்.லுக்குள்ளேயே இன்னொரு சான்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எந்த அணியையும் பார்த்து "உன் வடிவம் என்ன?" என்று கேட்கும் குறி ஒன்று அம்மொழியில் உள்ளது. 3 வரிசையும் 4 பத்தியும் உள்ள அட்டவணை 3, 4 என்று விடை தரும். அதில் எத்தனை உறுப்புகள்? இரண்டையும் பெருக்கினால் 12. ஐந்து எண்கள் கொண்ட ஒற்றைப் பட்டியல் 5 என்று மட்டும் சொல்லும், உறுப்புகள் 5. சரி, பட்டியலில் சேராத தனி எண்ணைக் கேட்டால்? அதற்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. எனவே அதன் வடிவம் வெற்றுப் பட்டியல். அதில் எத்தனை உறுப்புகள்? வெற்றுப் பட்டியலைப் பெருக்க வேண்டும். விடை 1 என்றால் தனி எண் என்பது ஓர் உறுப்பு, கணக்கு பொருந்துகிறது. சுழியம் என்று வைத்திருந்தால், கையில் இருக்கும் எண்ணைப் பார்த்து "இங்கே எண்ணே இல்லை" என்று மொழி சொல்லியிருக்கும்.

அக்காலத்து ஏ.பி.எல்.லில் "இப்படியானால் அங்கே செல், இல்லையேல் தொடர்க" என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. செல்லவேண்டிய வரியின் எண்ணை நிபந்தனையால் வடிகட்டுவார்கள். நிபந்தனை உண்மையானால் வரி எண் எஞ்சும்; இயந்திரம் அங்கே தாவும். பொய்யானால் எஞ்சுவது வெற்றுப் பட்டியல். "ஓரிடத்திற்கும் செல்லாதே" என்று அதற்குப் பொருள். இயந்திரம் அடுத்த வரிக்கு நடந்துவிடும். வெறுமையைப் பிழையாகக் கருதியிருந்தால் அம்மொழியில் ஒரு சிறு நிரல்கூட ஓடியிருக்காது.

அடுத்து அட்டவணைக்கு வருவோம். பட்டியலுக்கு ஒரே வகை வெறுமைதான். அட்டவணையின் வெறுமையோ பலவகைப்படும்.

நம் நாட்டில் 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறோம். தமிழ்ப்பள்ளிகளில் இவை நிறைய. சில தோட்டப்புறப் பள்ளிகளில் ஏதேனும் ஓர் ஆண்டில் முதலாம் ஆண்டுக்கு ஒருவருமே சேராமல் போவதுண்டு. அவ்வகுப்பின் புள்ளி அட்டவணையை எண்ணிப் பாருங்கள். மாணவர்கள் வரிசைகள், பாடங்கள் பத்திகள். நான்கு பாடங்கள் எனில் அது 0 வரிசையும் 4 பத்தியும் கொண்ட அட்டவணை. தமிழ்மொழி, மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம் என்ற தலைப்புகள் எழுதப்பட்டு அப்படியே இருக்கின்றன. பத்தி வாரியாகக் கூட்டினால் நான்கு சுழியங்கள் கிடைக்க வேண்டும். மறுபுறம், 30 மாணவர்கள் இருந்தும் இன்னும் ஒரு பாடத்திற்கும் தேர்வு வைக்கவில்லையென்றால், அது 30 வரிசையும் 0 பத்தியும் கொண்ட அட்டவணை. இரண்டிலும் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆயினும் இரண்டும் ஒன்றென்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். ஏ.பி.எல். இவற்றை வேறுபடுத்தி நினைவில் வைத்தது. அதன் பின்னர் எழுந்த ஒரு புகழ்பெற்ற மொழி வைக்கவில்லை.

அம்மொழி மேட்லேப். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளீவ் மோலர், தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதாமலேயே அணிக்கணக்குகளைச் செய்து பார்க்கட்டும் என்று 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியது அது. (இங்கும் ஓர் ஆசிரியர்!) 1984இல் அது வணிகப் பொருளாயிற்று; இன்று பொறியியல் மாணவர்கள் அதனைத் தொடாமல் பட்டம் பெறுவது அரிது. இரண்டு சதுர அடைப்புக்குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டால், இப்படி [], அது வெற்று அணி. தொடக்கத்தில் அது ஒரே வகைதான்: 0 வரிசை, 0 பத்தி. எந்த அட்டவணை வெறுமையானாலும் அந்த ஒரே வடிவத்திற்குள் விழுந்துவிடும். தலைப்புகள் காணாமல் போகும்.

இதன் விளைவு என்ன? அணிப் பெருக்கலில் முதல் அணியின் பத்திகளும் இரண்டாம் அணியின் வரிசைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். 3 வரிசை 2 பத்தி அணியை 2 வரிசை 4 பத்தி அணியால் பெருக்கினால் 3 வரிசை 4 பத்தி அணி கிடைக்கும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகை. நடுவில் இருக்கும் 2ஐ 1 ஆக்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு பெருக்கற்பலன். 0 ஆக்குங்கள். 3க்கு 0 அணியும் 0க்கு 4 அணியும் பெருக்கப்படுகின்றன. விடையின் வடிவம் 3க்கு 4; ஒவ்வோர் இடத்திலும் எதுவுமே இல்லாத கூட்டுத்தொகை, அதாவது சுழியம். உறுப்பே இல்லாத இரண்டு அணிகளைப் பெருக்கினால் பன்னிரண்டு சுழியங்கள் பிறக்கின்றன! கேட்பதற்கு மாயம் போலிருக்கும். படிப்படியாக வந்தால் வேறு விடைக்கு வழியே இல்லை. எல்லா வெறுமையையும் 0க்கு 0 என்று சுருக்கிவிட்டால், அந்த 3உம் 4உம் எங்கே போயின?

1990இல் கார்ல் டி போர் என்னும் கணித அறிஞர் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். வளைகோடுகளை வரையப் பயன்படும் ஸ்பிளைன் கணிதத்தின் முன்னோடி அவர். அப்போது விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். கட்டுரையின் தலைப்பை "ஒரு வெற்றுப் பயிற்சி" என்று தமிழாக்கலாம். பயனற்ற பயிற்சி என்றும் வெறுமையைப் பற்றிய பயிற்சி என்றும் இரு பொருள் தரும் சிலேடை. 1993இல் கட்டுப்பாட்டுப் பொறியியல் துறையிலிருந்து நெட், ஹடாட் என்ற இருவர் எழுதிய கட்டுரையும் வந்தது. பொறியியலாளருக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். ஓர் இயந்திரத்தின் உள்நிலையை அவர்கள் அணிகளால் எழுதுவர். உள்நிலையே இல்லாத எளிய கருவியும் உண்டு. இட்டதை இரண்டு மடங்காக்கித் தருவதைத் தவிர எதையும் நினைவில் வைக்காத கருவி. பொதுச் சூத்திரம் அதற்கும் பொருந்த வேண்டுமானால் 0க்கு 0 அணி ஒன்று, 0க்கு இத்தனை பத்தி அணி ஒன்று, இத்தனை வரிசைக்கு 0 அணி ஒன்று என மூன்று வெற்று அணிகள் அவற்றின் அளவுகளோடு வேண்டும். அவற்றைப் பெருக்கிச் சுழிய அணி வந்தால்தான் எஞ்சியது சரியாக நிற்கும். வடிவத்தை மறக்கும் மொழியில் ஒவ்வொரு நிரலிலும் "உள்நிலை இல்லையெனில்" என்று தனிக்கிளை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

1990களின் பிற்பகுதியில் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் மேட்லேப் எல்லா அளவுகளிலும் வெற்று அணிகளை ஏற்றுக்கொண்டது. அதைப் போலவே இயங்கும் இலவச மென்பொருளாகிய ஆக்டேவ், தன் கையேட்டில் மேற்சொன்ன இரு கட்டுரைகளின்படியே நடப்பதாக வெளிப்படையாகச் சொல்கிறது. வெற்று அணியை அச்சிடும்போது அடைப்புக்குறியோடு அதன் அளவையும் சேர்த்தே காட்டுகிறது.

ஆயினும் பழைய தழும்பு ஒன்று மேட்லேப்பில் இன்றும் இருக்கிறது. 0க்கு 4 அணியைக் கூட்டினால் நான்கு சுழியங்கள் வரும். அதே விதிப்படி 0க்கு 0 அணியைக் கூட்டினால் பத்தியே இல்லாததால் வெற்று வரிசை வரவேண்டும். வருவதோ ஒற்றைச் சுழியம். விதிவிலக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டு அடைப்புக்குறிகளை மக்கள் அட்டவணையாக நினைப்பதில்லை, வெற்றுப் பட்டியலாகவே நினைக்கிறார்கள். பட்டியலின் கூட்டுத்தொகை சுழியந்தானே? பழக்கத்திற்கு விதி விட்டுக்கொடுத்த இடம் இது. தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐவர்சன் இதை விரும்பியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

ஏ.பி.எல். வழியினரிடையே வேறொரு சிக்கல் இருந்தது. வெறுமைக்கு வடிவம் உண்டென்று ஒப்புக்கொண்டாயிற்று, வகையும் உண்டா? எண்கள் இல்லாத பட்டியலும் எழுத்துகள் இல்லாத பட்டியலும் ஒன்றா, வேறா? வெற்று எண் பட்டியலிலிருந்து மூன்றை எடு என்றால் ஏ.பி.எல். மூன்று சுழியங்களைத் தரும். வெற்று எழுத்துப் பட்டியலிலிருந்து எடுத்தால் மூன்று இடைவெளிகளைத் தரும். புதிதாக வாங்கிய வருகைப் பதிவேடும் புள்ளிப் பதிவேடும் இரண்டும் காலியாக இருந்தாலும் எதில் எதை எழுதுவது என்று நமக்குத் தெரிகிறதல்லவா? அதைப் போன்றது. டிரென்சர்ட் மோர் 1973இல் வெளியிட்ட அணிக்கோட்பாடும், ஐ.பி.எம். 1980களில் வெளியிட்ட ஏ.பி.எல். 2 மொழியும், அணிக்குள் அணி வைக்கும் வசதியோடு இந்த வினாவை மேலும் ஆழமாக்கின. ஏ.பி.எல். 2 இவ்விரண்டு வெறுமைகளும் வேறு என்கிறது. ஐவர்சனும் ரோஜர் ஹூயியும் 1990இல் வெளியிட்ட ஜே மொழி இரண்டும் ஒன்றே என்கிறது. ஒரே மரபில் வந்த இரு மொழிகள்! இரண்டுக்கும் நியாயம் உண்டு.

கடைசியாகச் சராசரி. சமனி உறுப்பு இங்கே கைகொடுக்காது. மாணவர் இல்லாத வகுப்பின் மொத்தப் புள்ளி 0, எண்ணிக்கை 0. சராசரி 0 வகுத்தல் 0. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 என்பதால் ஏ.பி.எல்.லில் 0 வகுத்தல் 0 என்பது 1. எனவே அவ்வகுப்பின் சராசரி ஒன்று! 1976இல் யூஜின் மெக்டொனல் இந்த ஒரு வினாவுக்காகவே தனிக்கட்டுரை எழுதி ஆராய்ந்தார். ஜே மொழியில் அதே வகுத்தலின் விடை 0. மேட்லேப் "எண் அல்ல" என்ற குறியைத் தரும். பைத்தான் மொழியில் பலரும் பயன்படுத்தும் நம்பை தொகுப்பும் எச்சரிக்கையோடு அதையே தரும். மிகப்பெரிய எண்ணைக் கேட்டாலோ, சமனி இல்லையென்று சொல்லிப் பிழை காட்டி நின்றுவிடும். என் வாக்கு "எண் அல்ல" என்பதற்கே. மாணவரே இல்லாத வகுப்பின் சராசரி 0 என்று அறிக்கையில் ஏறினால், படிப்பவர் அங்கே பிள்ளைகள் எல்லாரும் தோற்றதாக எண்ணிக்கொள்வார்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் எக்செல் இவ்விடயத்தில் எப்படி? காலியான கட்டங்களைக் கூட்டச் சொன்னால் 0, சரி. சராசரி கேட்டால் சுழியத்தால் வகுத்த பிழை என்று காட்டும், அதுவும் ஏற்புடையதே. பெருக்கச் சொன்னால் 0 என்கிறது. மேலே நாம் நிறுவியதற்கு நேர்மாறு. மிக உயர்ந்த புள்ளி எது என்றால் 0. மிகக் குறைந்த புள்ளி எது என்றாலும் 0. ஆகவே புள்ளி அட்டவணையில் உயர்ந்த புள்ளி, குறைந்த புள்ளி என்ற கட்டங்களை அமைக்கும் நண்பர்கள், அவற்றுக்கு முன்னால் எண்கள் உள்ள கட்டங்களை எண்ணும் கட்டம் ஒன்றையும் வையுங்கள். அதில் 0 வந்தால், மற்ற இரண்டும் காலியாக இருக்கும்படி சூத்திரம் எழுதிவிடலாம், ஒரே வரிதான்.